ஊசி போட்ட போர்வை

கைத்தையல் போர்வை என்றால் இப்போது ஆளாளுக்கு உருகுகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மாள், கொடைக்கானலில் வாங்கிய ஒன்றைப் பற்றி ரசம் வருகிற வரைக்கும் பேசினாள். மிஷின் தையலில் உயிர் இல்லையாம். கையால் போட்ட ஒவ்வொரு தையலிலும் அன்பு இருக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தியில் உட்கார்ந்து சண்டை போட வேண்டாம் என்று பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் ஏன் மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. எனக்கும் ஒன்பது வயதில் தோன்றவில்லை. ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் பேத்துப்பாறையில் இருந்தோம். அப்பாவுக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் வெள்ளாமை. வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே பூண்டுக் கட்டுகள் தொங்கும், புகை பட்டுப் பட்டுக் காயும். அந்த வாசம் எங்கள் துணியில், தலைமயிரில், பள்ளிக்கூடப் பையில்கூட இருக்கும். மார்கழி பிறந்துவிட்டால் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். எனக்கும் என் தம்பிகள் இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பளி. தம்பிகள் தூக்கத்தில் உருளுகிற ஜாதி. விடியும்போது கம்பளி அவர்களிடமும் குளிர் என்னிடமும் இருக்கும். மூத்தவள் பொறுத்துப் போக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ, அவர்கள் மேல் எனக்கு அந்த வயதிலேயே தீராத கோபம்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்ததும் அப்பாவின் தங்கை, என் அத்தை, பழனியிலிருந்து வந்தாள். அடிவாரத்தில் மாமாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. வத்தலக்குண்டு சுற்றிக் கொடைக்கானலுக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து எங்கள் ஊர் மட்டக்குதிரைக்காரரோடு நடந்தே வந்து சேர்ந்தாள். கையில் ஒரு தகரப் பெட்டி. மறுநாளே பெட்டியைத் திறந்து பழஞ்சேலைகளை எடுத்து உள்வீட்டில் விரித்தாள்.

"ஒனக்குன்னே ஒரு போர்வை தச்சுத் தாரேன் தாயி. யாருக்கும் பங்கு குடுக்க வேணாம்" என்றாள்.

எனக்கென்றே ஒரு பொருள் என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவை காதால் கேட்டேன்.

பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்க நெருக்கமாக வரி பிடித்து ஓட்டுத்தையல் போட்டால் அதுதான் எங்கள் பக்கத்துப் போர்வை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சாஸ்திரமும் இருந்தது. பிறந்த வீட்டுக்கு வந்த பெண் ஒரு துணியில் ஊசி போட்டுவிட்டால், அது முடியாமல் அவளை அனுப்பக் கூடாது. பாதித் தையலோடு படி இறங்கினால் கூடப்பிறந்தவனுக்கும் ஆகாது, புருஷன் வீட்டுக்கும் ஆகாது. அப்பா சகுனம் பார்க்கிற மனுஷன். பூனை குறுக்கே போனால் விதைப்பையே தள்ளிப் போடுவார். மாமாவும் வியாபாரி, அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆக, போர்வை முடிகிற வரைக்கும் அத்தை எங்கள் வீட்டில் இருக்கலாம். முடிந்துவிட்டால் பழனிக்குப் புறப்பட வேண்டியதுதான். இது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்குப் போக மனசில்லை என்பதும் கண்ணிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் போர்வை மட்டும்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து பார்ப்பேன். காலையில் விட்டுப்போன இடத்திலிருந்து ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது. அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள், அல்லது கோத்த நூலை நீவிக்கொண்டிருப்பாள், அல்லது தையல் கோணிவிட்டது என்று பிரித்துக்கொண்டிருப்பாள். கோணலே இருக்காது. நான் கண்ணை ஒட்டவைத்துப் பார்த்திருக்கிறேன், எறும்பு வரிசை மாதிரி நேராக இருக்கும். "நல்லாத்தான இருக்கு, ஏன் பிரிக்கிற?" என்று கத்துவேன். "பிரிச்சுத் தச்சாத்தான் வெகுநாளைக்கு உழைக்கும்" என்பாள். அந்த வருஷம் நான் குளிரில் செத்துப்போனால் பிறகு அது யாருக்கு உழைக்கும் என்று எனக்கு ஆத்திரம் பொங்கும்.

வெயிலில் உட்கார்ந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். ஒருநாள் பாத்திரம் விளக்கும்போது கைப்பகுதி மேலே ஏறிவிட்டது. முழங்கைக்குக் கீழே வரிசையாகத் தழும்பு. கேட்டதற்கு, கடையில் சர்க்கரைப் பாகு தெறித்துவிட்டது என்றாள். இத்தனை தடவையா தெறிக்கும், பார்த்து வேலை செய்யக் கூடாதா என்று அவளைத்தான் கண்டித்தேன். சரி தாயி, இனிமே பாத்துக்கிறேன் என்று ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அத்தையாவது மெதுவாகத் தைத்தாள். அம்மா செய்ததுதான் எனக்குப் பொறுக்கவே முடியவில்லை. போர்வை முக்கால்வாசி வந்த சமயம், அடுக்குப் போதாது, இந்தக் குளிருக்குத் தாங்காது என்று தன்னுடைய பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். புதிய அடுக்கு வந்தால் முதலிலிருந்து எல்லா வரியையும் மறுபடி ஓட்ட வேண்டும். அத்தை ஒரு வார்த்தை மறுக்காமல் முதல் வரிக்குத் திரும்பிப் போனாள். மார்கழி பாதியில் இன்னொரு சேலை. அதற்குப் பிறகு ஓரத்துக்கு ஒரு பட்டை. நாத்தனாருக்கும் மதினிக்கும் ஆகாது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்களே, அது இதுதான் என்று நான் முடிவு கட்டினேன். அத்தை நல்லபெயர் வாங்கிவிடக் கூடாது என்று அம்மா கெடுக்கிறாள், நடுவில் கிடந்து நடுங்குவது நான். பக்கத்து வீட்டு அக்காளிடம்கூட இதைச் சொல்லி நியாயம் கேட்டேன்.

தை பிறந்ததும் மட்டக்குதிரைக்காரர் மாமாவின் சொல்லைக் கொண்டுவந்தார். பூசத்துக்குக் கூட்டம் வரும், கடைக்குக் கை வேணும், வெரசா அனுப்பி வைங்க. அப்பா நெளிய ஆரம்பித்துவிட்டார். "கட்டிக்குடுத்த பொண்ணு எம்புட்டு நாளைக்கு இங்கயே கெடக்குறது? நாலு பேரு என்ன பேசுவாக?" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். அத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை. தங்கை ஏன் வந்தாள், ஏன் போகமாட்டேன் என்கிறாள் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும், வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அதைவிடப் பூனையைப் பார்த்துப் பயப்படுவது சுலபம்.

அந்த வாரம்தான் சித்தப்பா மிஷினோடு வந்தார். அப்பாவின் தம்பி. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் பங்களாவில் சமையல் வேலை. அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பிப் போகும்போது தன் கைமிஷினை அவருக்குக் கொடுத்துவிட்டாள். மரப்பெட்டிக்குள் கறுப்பு உடம்பும் தங்கக் கோடுமாக இருந்த அதைத் தலையில் சுமந்து மலைப்பாதையில் இறங்கி வந்தார். ஊரே திரண்டுவிட்டது. அவர் ஒரு கந்தல் துணியை வைத்துப் பிடியைச் சுற்றினார். கடகடவென்று தையல் வந்து விழுந்தது. எனக்கு மிஷினின் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

"பேசாம எங்கிட்ட குடுத்துரு அக்கா, இதுல ஒரே நாள்ல பினிஷ் பண்ணித் தாரேன்" என்றார் சித்தப்பா.

அத்தை போர்வையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். "மிஷின்ல தச்சா வெறச்சுப் போயிரும் தம்பி. பலகையக் கணக்கா நிக்கும், மேல அண்டாது. கைத்தையல்தான் துணியத் துணியா விடும்."

"எங்க மேடமும் இதேதான் சொல்லுவாங்க. கைத்தையல்தான் ஒசத்தின்னு. சொல்லிட்டு மிஷின்லதான் தைப்பாங்க. டைம் வேணும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை விடவில்லை. அவ்வளவு பேசி நான் அவளைப் பார்த்ததில்லை. கையால் இழுத்தால் நூல் துணியோடு போகும், மிஷின் இழுத்தால் துணி நூலோடு போகும் என்றாள். ஓடைத் தண்ணீரில் துவைத்தால் மிஷின் தையல் சுருங்கி வரிவரியாகக் குமிழ்த்துக்கொள்ளும் என்றாள். அடுக்குகளுக்கு நடுவில் கொஞ்சம் காற்று இருந்தால்தான் சூடு தங்கும் என்றாள். அத்தனையும் உண்மை. இன்றைக்குக் கடையில் விற்கிறவர்கள்கூட அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. குரல் நடுங்க நடுங்க அவள் சொன்னதைக் கேட்டு, கைவேலை மேல் என்ன பிரியம் பார் என்று பெண்கள் மெச்சினார்கள்.

அம்மா வேறு வழியில் வந்தாள். "அவ போட்ட ஊசிய அவதான எடுக்கணும். மிஷின் ஊசி கணக்குல வருமா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கோயில் பூசாரியை அழைத்துவந்தார். அவர் காப்பியைக் குடித்துவிட்டு மிஷினைச் சுற்றி வந்து பார்த்தார். ஊசியைத் தொட்டுப் பார்த்தார். "எந்த ஊசியா இருந்தா என்ன, இரும்பு இரும்புதான். தையல் முடிஞ்சாச் சரி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெண்ணின் தலையெழுத்தை ஒரு தம்ளர் காப்பியில் முடித்துவிட்டுப் போனாரே என்று இப்போது நினைத்தால் எரிகிறது. அன்றைக்கு அவர் பின்னாலேயே வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

சித்தப்பா தைக்க உட்காருவதற்கு முன்னால் அம்மா தன் பெட்டியைத் திறந்து சுங்குடிச் சேலையை எடுத்தாள். நல்ல நாளில் மட்டும் கட்டுவது. நான் பெரியவளானதும் எனக்குத் தாவணியாகும் என்று நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்தது. அதை இரண்டாக மடித்துப் போர்வையின்மேல் போட்டு, "இதையும் சேத்துத் தைங்க, கனமா இருக்கட்டும்" என்றாள். நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சித்தப்பா பிடியைச் சுற்றினார், அத்தனை அடுக்கில் இறங்க முடியாமல் ஊசி படக்கென்று முறிந்தது. அம்மா முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்தேன், அதற்கு நான் எடுத்துக்கொண்ட அர்த்தம்தான் வேறு.

சித்தப்பா நல்ல மனுஷன், அதுதான் வினை. அக்காவுக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு வெள்ளனே எழுந்து கொடைக்கானல் போய், சாக்குத் துணி தைக்கிற தடித்த ஊசி வாங்கிக்கொண்டு திரும்பினார். மறுநாள் மத்தியானத்துக்குள் போர்வை முடிந்தது. அத்தை தைத்த பக்கம் கையில் வழிந்து விழுந்தது. மிஷின் தைத்த பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. அவள் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் முடிந்துவிட்டதே, அந்தச் சந்தோஷத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியனுப்பியும் ஆள் வரவில்லை என்று அன்று சாயங்காலமே மாமா நேரில் வந்துவிட்டார். மாமாவை எனக்குப் பிடிக்கும். ஒரு டப்பா பஞ்சாமிர்தமும் கற்கண்டும் கொண்டுவருவார், குரலை உயர்த்திப் பேச மாட்டார், தம்பிகளைத் தோளில் ஏற்றிக்கொள்வார். போர்வையை விரித்துப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்கு, நம்ம வீட்டுக்கு ஆச்சு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்னுடையது என்றேன். அப்பா என்னை அடக்கினார். பிறந்த வீட்டில் தைத்து முடித்ததைப் பெண்ணோடு அனுப்புவதுதான் மரியாதையாம், சீர் மாதிரியாம். இந்தச் சாஸ்திரத்தை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஊசி முதல் சுங்குடி வரைக்கும் என் பெயரைச் சொல்லித் தைத்துவிட்டு, கடைசியில் என்னைக் கம்பளியின் ஓரத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அத்தை எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். அவள் அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்து புறப்படுகிற நேரம். சித்தப்பா போர்வையை மடிக்க எடுத்தார். நடுவில் கைநீளத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"எலி கடிச்சிருக்கும்" என்றாள் அத்தை.

சித்தப்பா விரலால் தடவினார். "எலி இப்பிடி நேராக் கடிக்காதுக்கா. கத்தி." பிறகு மிஷின் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஊசியைக் காணோம்.

மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். எப்போதும் உள்ள சிரித்த முகம்தான். அத்தை இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நாந்தான் அறுத்தேன்" என்றாள் அம்மா. கையில் பூண்டுத் தாள் அறுக்கும் கத்தி இருந்தது. "எஞ் சுங்குடிச் சேல அதுல கெடக்கு. அதக் கொண்டுபோயி அவ போத்திக்கிட்டுப் படுக்க எனக்கு மனசு வரல. ஊசியையும் நாந்தான் ஓடையில போட்டேன். அறுத்தது அறுத்ததுதான். உக்காந்து கையால தச்சு முடிச்சுட்டு அப்பறம் கொண்டுபோகட்டும்."

அப்பா கையை ஓங்கிக்கொண்டு போனார். மாமாதான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "விடுங்க மச்சான். பொம்பளைங்க சண்டைக்கு நாம என்னத்துக்கு? நாத்தனாளுக்கு ஒண்ணு போகுதுன்னா யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்." பெண்ணை அடிக்கக் கூடாது என்று அப்பாவுக்கு உபதேசம் செய்த புண்ணியவான் யார் என்று பாருங்கள். கடவுளுக்கே அது அடுக்காது.

சித்தப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். ஊசி முறியும் என்று இன்னொன்றும் சேர்த்து வாங்கி வைத்திருந்தாராம். அடுப்பில் காப்பி கொதித்து இறங்குவதற்குள் பிளவு மூடிவிட்டது. அவருக்கு ஒரே பெருமை. அம்மா அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போகும்போது அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். போர்வையை அறுத்துவிட்டு அழுகை வேறா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தையின் பெருந்தன்மையை நினைத்து எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

அம்மாவுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. நாத்தனாள் போர்வையை அறுத்தவள் என்று ஆடலூர் வரைக்கும் பேசினார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட அதை ஜாடையாகக் கேட்டார்கள். அம்மா ஒருவரிடமும் மறுத்ததில்லை. மறுத்தால் உண்மை எப்படியாவது பழனிக்குப் போய்ச் சேரும். அத்தை அதற்குப் பிறகு வந்தால் ஓரிரு ராத்திரிதான். சித்தப்பா மிஷினை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டார், எதை எடுத்தாலும் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம். இனி என்ன சாக்குச் சொல்லி அவள் தங்குவாள்? கல்யாணமாகி நாலு வீட்டுச் சங்கதி காதில் விழுந்த பிறகு, யாரும் சொல்லித்தராமலே எனக்கு இதெல்லாம் விளங்கியது.

அன்றைக்கு விளங்கவில்லை. அத்தையின் தலை மேட்டுப் பாதையில் மறைந்ததும் அம்மாவின்முன் போய் நின்றேன். கேட்க ஆளில்லாத அத்தைக்காக நானாவது கேட்க வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஏன்மா அப்பிடிச் செஞ்ச?" என்றேன்.

அம்மா பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டே சொன்னாள். "கையால தச்சிருந்தா இன்னும் நாலு நாளு இருந்திருப்பா."

நாலு நாள். எண்ணினால் ஒரு கைவிரல்கூட முழுசாக வராது. அந்த நாலே நாளுக்காக ஒரு நல்ல போர்வையை யாராவது குறுக்கே அறுப்பார்களா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.